ரசம் புளிக்கிறது: ஆங்கிலப் பயனிலையும் இணைப்பு வினையும்

'என் அப்பா விவசாயி.' மூன்றே சொற்கள். வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வாக்கியம் முடிந்துவிட்டது. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதுவார்கள். ஆசிரியர் நடுவில் சிவப்பு மையால் 'இஸ் எ' என்று செருகிக் கொடுப்பார். அடுத்த வாரம் அதே பிள்ளை, போன வாரம் விட்டதை ஈடுகட்டுவதுபோல, 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று வேண்டாத இடத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வரும். முதலில் குறைந்ததும் பிறகு மிகுந்ததும் ஒரே வினைதான். இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. எழுவாய்க்குப் பிறகு என்ன வரவேண்டும் என்பதில் இரண்டு மொழிகளும் வைத்திருக்கும் விதி வேறு. அந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாதவரை பிள்ளை இரண்டு பக்கமும் தடுமாறத்தான் செய்யும்.

குழப்பம் கலைச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது. ஆங்கில இலக்கணத்தில் 'ப்ரெடிகேட்' என்று சொல்லப்படுவதை நாம் பயனிலை என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் நம் பள்ளித் தமிழ் இலக்கணத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என மூன்று உறுப்புகள். 'கண்ணன் பாடம் படித்தான்' என்பதில் 'படித்தான்' மட்டுமே பயனிலை, 'பாடம்' செயப்படுபொருள். ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ வாக்கியத்தை முதலில் இரண்டே துண்டாக வெட்டுகிறது. யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய். அதைப் பற்றிச் சொல்லும் மிச்சம் அனைத்தும் ப்ரெடிகேட். 'கண்ணன் ரெட் தி லெசன் இன் தி ஈவ்னிங்' என்றால் 'ரெட்' முதல் 'ஈவ்னிங்' வரை முழுவதும் ப்ரெடிகேட். அதற்குள் இருக்கும் வினையை மட்டும் தனியே சுட்ட வேண்டுமானால் 'சிம்பிள் ப்ரெடிகேட்' என்பார்கள். ஆகவே 'பயனிலையைக் கோடிடு' என்ற வினாவுக்குத் தமிழ் வகுப்பில் ஒரு சொல்லுக்கு அடியிலும் ஆங்கில வகுப்பில் அரை வரிக்கு அடியிலும் கோடு போட வேண்டியிருக்கிறது. இரண்டு வகுப்பையும் ஒரே காலையில் கடந்து வரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

அடுத்த வேறுபாடு இன்னும் ஆழமானது. பயனிலையாக எது வரலாம் என்பதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமையியலில் ஆறாக வகுக்கிறது: ஒன்று உள்ளது என்று சுட்டுதல், வியங்கோள், வினை, வினா, பண்பு, பெயர். உரைகாரர்கள் ஒரு பசுவை வைத்தே இதை விளக்கிவிடுகிறார்கள்: ஆ உண்டு, ஆ செல்க, ஆ கிடந்தது, ஆ கரிது, ஆ பல, இவற்றோடு ஆவைப் பற்றிய வினா ஒன்று. வினையும் பண்பும் பெயரும் ஒரே பந்தியில் சமமாக உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். இந்த ஆறையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால், 'கிடந்தது', 'செல்க' இரண்டும்தான் தம் சொந்த வினையோடு நிற்கும். பசு உண்டு என்பதற்கு 'தேர் இஸ்', எது என்ற வினாவுக்கு 'விச் இஸ்', கறுப்பு என்பதற்கு 'இஸ் ப்ளாக்', பல என்பதற்கு 'ஆர் மெனி' என்று நான்கில் 'பி' என்னும் வினையின் ஏதோ ஒரு வடிவம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முழு வாக்கியம் என்றால் காலம் காட்டும் வினை ஒன்று இருந்தே தீரவேண்டும். பெயரோ பண்போ தானாகப் பயனிலையாக நிற்க அந்த மொழியில் உரிமை கிடையாது; கைப்பிடித்து அழைத்துவர ஒரு வினை வேண்டும். அந்த வினைதான் இணைப்பு வினை, அதாவது லிங்கிங் வெர்ப்.

இலக்கணக்காரர்கள் இதற்கு இட்ட பழைய பெயர் 'காப்புலா'. லத்தீனில் கட்டு, பிணைப்பு என்று பொருள். ஐரோப்பியத் தருக்கவாதிகளுக்கு இந்தக் கட்டின்மேல் தனிப் பற்று இருந்தது. 1660இல் பாரிஸில் அர்னோவும் லான்ஸ்லோவும் வெளியிட்ட போர்-ரோயால் இலக்கணம், எல்லா வினைக்குள்ளும் ஓர் 'இஸ்' மறைந்திருக்கிறது என்றே வாதிட்டது. 'பீட்டர் வாழ்கிறான்' என்பது 'பீட்டர் வாழ்பவனாக இருக்கிறான்' என்பதன் சுருக்கமாம். தமிழ் தெரிந்த ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், 'ஆ கரிது' என்று காட்டி, எல்லா வாக்கியத்துக்கும் கட்டுக்கயிறு தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம்.

இணைப்பு வினை என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் காட்டியவர்கள் அலோன்சோ ரீட், பிரெய்னர்டு கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள். 1877இல் வெளிவந்த தங்கள் பாடநூலில் அவர்கள் வாக்கியங்களைக் கோட்டுப் படமாக வரையக் கற்றுக்கொடுத்தார்கள். படுக்கைக் கோடு ஒன்று. அதைக் குறுக்கே வெட்டும் செங்குத்துக் கோடு எழுவாயையும் பயனிலையையும் பிரிக்கும். வினைக்குப் பின் செயப்படுபொருள் வந்தால் நடுவில் நேராக நிற்கும் சிறு கோடு. எழுவாயை விளக்கும் சொல் வந்தால் அதே சிறு கோடு எழுவாயின் பக்கமாகச் சாய்ந்துவிடும். இலக்கணப் புத்தகம் ஒரு முழு அத்தியாயத்தில் சொல்வதை அந்தச் சாய்வு சொல்லிவிடுகிறது. 'ஷி மெட் எ டாக்டர்' என்றால் அவள் வேறு, டாக்டர் வேறு. 'ஷி பிகேம் எ டாக்டர்' என்றால் டாக்டர் அவளேதான். வினையைத் தாண்டி நிற்கும் சொல் திரும்பி எழுவாயைப் பார்க்கிறது. அப்படித் திரும்பிப் பார்க்கும் சொல்லுக்கு 'காம்ப்ளிமென்ட்' என்று பெயர். தமிழில் நிரப்பி எனலாம். இணைப்பு வினை தனியாக நின்றால் வாக்கியம் குறையாக நிற்கிறது, அதை இது நிரப்புகிறது.

பள்ளியில் வாக்கிய அமைப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாவில் எஸ்-வி-ஓ (எழுவாய், வினை, ஆப்ஜெக்ட் எனப்படும் செயப்படுபொருள்), எஸ்-வி-சி (எழுவாய், வினை, நிரப்பி) என்று எழுத வைப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான். இதற்கு வகுப்பில் தரும் குறுக்குவழி, வினையைப் பார்த்து 'வாட்?' என்று கேள், பதில் வந்தால் அது ஆப்ஜெக்ட் என்பது. இந்தக் குறுக்குவழி சரியான இடத்தில் காலை வாரிவிடும். 'பிகேம் வாட்?' என்று கேட்டாலும் 'எ டாக்டர்' என்று பதில் வருகிறதே! ஆங்கிலக் கேள்விக்கு இரண்டையும் பிரிக்கும் வலு இல்லை. தமிழ்க் கேள்விக்கு இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'யைப் போட்டுப் பார்த்தால் போதும். அவள் யாரைச் சந்தித்தாள்? டாக்டரைச் சந்தித்தாள். இது பொருந்துகிறது, எனவே ஆப்ஜெக்ட். அவள் யாரை ஆனாள்? டாக்டரை ஆனாள்? காது உடனே மறுக்கிறது, எனவே நிரப்பி. 'சோறு சாப்பிட்டான்' என்பதுபோல உருபு மறைந்து வரும் இடங்களிலும் 'சோற்றை' என்று விரித்துப் பார்க்க முடிகிறது. 'டாக்டரை ஆனாள்' என்பதை எப்படி விரித்தாலும் நிற்காது. ஆங்கிலத்திலேயே செய்து பார்க்கக்கூடிய இன்னொரு சோதனையும் உண்டு: இணைப்பு வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. 'எ டாக்டர் வாஸ் மெட் பை ஹெர்' என்று சொல்லலாம்; 'எ டாக்டர் வாஸ் பிகம் பை ஹெர்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார்.

ஆக, பெயர்ச்சொல் நிரப்பியாக வரும் இடத்தில் தாய்மொழி நமக்குத் துணை. பண்புச்சொல் வரும் இடத்தில் அதே தாய்மொழி நம்மைக் குழியில் இறக்குகிறது. அதற்குச் சமையலறைக்குப் போக வேண்டும்.

ரசம் புளிக்கிறது. பாயசம் இனிக்கிறது. பாகற்காய் கசக்கிறது, மிளகாய் உறைக்கிறது, வாழைப்பூ துவர்க்கிறது, குழம்பில் கை தவறிவிட்டால் உப்புக் கரிக்கிறது. ஆறு சுவைக்கும் ஆறு வினை வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் சுவையெல்லாம் பண்புச்சொற்கள்: சவர், ஸ்வீட், பிட்டர், ஹாட், ஆஸ்ட்ரின்ஜென்ட், சால்ட்டி. அவற்றைப் பொருளோடு கட்ட 'டேஸ்ட்ஸ்' என்ற ஒரே இணைப்பு வினை. 'தி ரசம் டேஸ்ட்ஸ் சவர்.' இங்கேதான் நம்மவர் கை 'சவர்லி' என்று எழுதத் துடிக்கிறது. வினைக்கு அடுத்து வருவதால் அது வினையை விளக்கும் சொல்லாகத்தான் இருக்க வேண்டும், வினையை விளக்கினால் அது அட்வெர்ப், அட்வெர்ப் என்றால் வாலில் 'லி' வேண்டும் என்ற மூன்று படியும் கண்மூடித் திறப்பதற்குள் ஏறி முடிந்துவிடும். ஆனால் 'சவர்' என்பது சுவைக்கும் செயலை விளக்கவில்லை, ரசத்தை விளக்குகிறது. ரசம் எதையும் சுவைத்துப் பார்க்கவில்லை, இலையில் சும்மா கிடக்கிறது. சமையற்காரர் கரண்டியில் எடுத்து நிதானமாக நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் 'தி குக் டேஸ்டட் தி ரசம் கேர்ஃபுல்லி'. அங்கே உண்மையாகவே ஒரு செயல் நடக்கிறது, அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல 'லி' வேண்டும்.

இந்தத் தவறுக்கு விதை தமிழின் 'ஆக' என்ற ஒட்டில் இருக்கிறது. 'அழகாக இருக்கிறாள்' என்கிறோம். 'அழகாகப் பாடுகிறாள்' என்கிறோம். முதலாவதில் அழகு அவளுடையது, இரண்டாவதில் பாட்டினுடையது. சொல் மட்டும் ஒன்றே. ஆங்கிலம் முதலாவதற்கு 'ப்யூட்டிஃபுல்' என்றும் இரண்டாவதற்கு 'ப்யூட்டிஃபுல்லி' என்றும் பிரித்து வைத்திருக்கிறது. இன்னும் நுட்பமான ஓர் இணையைப் பார்க்கலாம். மேலாளர் கோபமாகத் தெரிந்தார். மேலாளர் கோபமாகப் பார்த்தார். தமிழில் 'கோபமாக' மாறவில்லை, வினைதான் மாறியது. ஆங்கிலத்தில் 'லுக்ட்' மாறவில்லை. 'லுக்ட் ஆங்க்ரி' என்றால் தெரிந்தார், 'லுக்ட் ஆங்க்ரிலி' என்றால் பார்த்தார். நாம் வினையில் வைத்த வேறுபாட்டை அவர்கள் அடுத்த சொல்லில் வைத்திருக்கிறார்கள். புலன் சார்ந்த ஐந்து வினைகளான லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் எல்லாவற்றிலும் இதே கதைதான். 'தி டாக் ஸ்மெல்ஸ் பேட்' என்றால் நாய் நாறுகிறது, குளிப்பாட்ட வேண்டும். 'ஸ்மெல்ஸ் பேட்லி' என்றால் அதன் மோப்பசக்தி மோசம், காவல்துறையில் வேலை கிடைக்காது.

ஐயம் வரும்போது 'லுக்ட்', 'டேஸ்ட்ஸ்' இருக்கும் இடத்தில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பார்க்கலாம். 'தி ரசம் இஸ் சவர்' நிற்கிறது. எனவே இணைப்பு வினை. 'தி குக் வாஸ் தி ரசம்' என்றால் சமையற்காரரே ரசமாகிவிடுகிறார், எனவே செயல்வினை. இருந்தாலும் இதை இயந்திரம்போல நம்பக்கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஐ ஃபீல் பேட்' என்பதா 'ஐ ஃபீல் பேட்லி' என்பதா என்று திண்டாடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது என்ற பொருளில் விதிப்படி முதலாவதே சரி.

நிலைமாற்றம் காட்டும் இணைப்பு வினைகள் தனிக் கூட்டம். இங்கும் தமிழில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு: முடி நரைத்தது, முகம் சிவந்தது, பால் திரிந்தது, கிணறு வற்றியது. ஆங்கிலத்தில் இவை முறையே 'டர்ன்ட் க்ரே', 'டர்ன்ட் ரெட்', 'டர்ன்ட் சவர்', 'ரேன் ட்ரை'. கிணறு எங்கும் ஓடவில்லை, முடி எங்கும் திரும்பவில்லை. ஓடுதல், திரும்புதல், போதல், விழுதல் என்ற பழைய வினைகள் தம் பொருளை உதறிவிட்டு 'ஆயிற்று' என்ற அளவில் நின்று வேலை செய்கின்றன. ஆனால் ஒன்றிருக்கும் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. 'கோ' பெரும்பாலும் கெடுதலுக்கே வரும்: கோ பேட், கோ ப்ளைண்ட், கோ பாங்க்ரப்ட். கனவு பலித்தால் மட்டும் 'கம் ட்ரூ' என்று 'கம்' வருகிறது. தூக்கம், நோய், மௌனம் ஆகியவற்றில் ஆள் 'விழ' வேண்டும்: ஃபால் அஸ்லீப், ஃபால் இல், ஃபால் சைலன்ட். இவற்றுக்கு விதி தேடுவதைவிட வீட்டுப் பெயர்களைப்போல மனத்தில் பதித்துக்கொள்வதே நடைமுறை.

இவை எல்லாவற்றுக்கும் தலைவன் 'பி'. மற்ற ஆங்கில வினைகள் அதிகம்போனால் ஐந்து வடிவம் எடுக்கும். இதற்கு எட்டு: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். ஒன்றுக்கொன்று சாயல் இல்லாமல் இருப்பதற்குக் காரணம், வெவ்வேறு மூன்று பழைய வேர்கள் ஒரே வினையாக ஒட்டவைக்கப்பட்டதுதான். அந்த வேர்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. 'இஸ்', 'ஆம்' இரண்டும் வடமொழி 'அஸ்தி'யின் உறவு. இல்லை என்பவனான நாஸ்திகனுக்குள் அது இருக்கிறது. 'பி' என்பது 'பூ, பவ' என்ற வேரின் உறவு; சம்பவத்திலும் அனுபவத்திலும் அது இருக்கிறது. 'வாஸ்' என்பது தங்குதல், குடியிருத்தல் என்ற பொருளுடைய 'வஸ்' வேரின் உறவு. சென்னைவாசி என்று எழுதும்போதெல்லாம் அந்தச் சொல்லின் தூரத்து அண்ணனைத்தான் எழுதுகிறோம்.

மூன்று வேர் ஒட்டிய சொல் என்பதாலோ என்னவோ, அதன் தலையில் வேலையும் அதிகம். 'ஹெர் ஹாபி இஸ் சிங்கிங்', 'ஹெர் சிஸ்டர் இஸ் சிங்கிங்' என்ற இரண்டையும் பாருங்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில் 'இஸ்' இணைப்பு வினை: அவள் பொழுதுபோக்கு பாடுவது. இரண்டாவதில் அது துணைவினை: அவள் தங்கை பாடிக்கொண்டிருக்கிறாள். முன்பின்னாக மாற்றி, 'சிங்கிங் இஸ் ஹெர் ஹாபி' என்று சொல்லிப் பார்த்தால் முதலாவது நிற்கும், இரண்டாவது நிற்காது. 'தி டோர் வாஸ் க்ளோஸ்ட்' என்பதற்குக் கதவு மூடியிருந்தது என்றும் கதவு மூடப்பட்டது என்றும் இரு பொருள். முன்னதில் இணைப்பு, பின்னதில் துணை. இதற்குமேல் இருத்தலைச் சொல்வதும் இந்த வினையே, ஒன்றை இன்னொன்றாகச் சொல்வதும் இந்த வினையே. பண்பை ஏற்றிச் சொல்வதற்கும் இதுவும் அதுவும் ஒன்று என்பதற்கும் ஒரே 'இஸ்'ஸைப் பயன்படுத்துவது மனித குலத்துக்கே அவமானம் என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1919இல் எழுதினார். தருக்கவாதிக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் எல்லா மொழியும் அந்தக் குற்றத்தைச் செய்வதில்லை. தமிழில் இந்த வேறுபாடுகளில் ஒன்று எதிர்மறையில் தலைகாட்டுகிறது: அவர் மருத்துவர் அல்லர், அங்கே மருத்துவர் இல்லை. இன்றைய பேச்சில் இரண்டும் 'இல்லை'யாகக் கரைந்துவிட்டாலும் எழுத்தில் அந்த எல்லை இன்னும் அழியவில்லை.

எழுவாயும் நிரப்பியும் ஒருவரே என்றால் இரண்டும் ஒரே வேற்றுமையில்தானே இருக்கவேண்டும்? லத்தீன் அப்படித்தான் சொல்லும். அந்த வழியில் 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தம் ஆங்கில இலக்கணத்தில், 'பி' வினைக்குப் பிறகு எழுவாய் வடிவமே வரவேண்டும், 'இட் வாஸ் ஐ' என்பதே முறை என்று எழுதினார். மக்கள் கேட்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு 'இட் இஸ் ஐ' என்று சொல்பவரை இன்று நாடகமேடையில்தான் பார்க்க முடியும். மற்றவர்களெல்லாம் 'இட்ஸ் மீ'. உள்ளேயிருந்து 'யாரது?' என்று கேட்டால் 'நான்தான்' என்று பதில் சொல்லும் நமக்கு இந்த வழக்கே எழவில்லை, நடுவில் வினை இருந்தால்தானே அதற்குப் பின்னால் எந்த வடிவம் என்ற கேள்வி.

கடைசியாக அந்த 'ஐ ஆம் கோ'வுக்கு வருவோம். நம்மவர் ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கற்கும் வாக்கியம் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்வது. அதில் 'ஐ'யும் 'ஆமு'ம் வேகத்தில் ஒட்டி 'ஐயம்' என்றே காதில் விழுகிறது. தமிழில் ஒப்பான வினை இல்லாததால், நான் என்பதற்கு ஆங்கிலம் 'ஐயம்' என்று பிள்ளை பதிந்துகொள்கிறது. பிறகு 'ஐயம் அக்ரீ', 'ஐயம் வொர்க் இன் கோவை' என்பதெல்லாம் அதன் கணக்கில் ஒரு பிழையும் இல்லாத வாக்கியங்கள். ஓர் உட்கூற்றில், அதாவது 'க்ளாஸ்' ஒன்றில், இரண்டு காலம்காட்டும் வினை தோளோடு தோள் நிற்கக்கூடாது, 'அக்ரீ' தானே பயனிலையைத் தாங்கும் முழுவினை, அதற்குக் கைப்பிடித்து நடத்த யாரும் வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தால் அந்த 'ஆம்' உதிர்ந்துவிடும். 'தப்பு' என்று மட்டும் சொன்னால் இங்கிருந்து உதிர்ந்து, 'ஐ ஹாப்பி' என்று வேண்டிய இடத்திலும் சேர்ந்தே உதிரும்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதும் கைகளுக்கு, பெயரோடு நின்றுவிடும் வாக்கியம் முடியாததுபோலத் தோன்றுகிறது. 'ஆகும்' தமிழுக்குப் புதிய சொல் அல்ல. ஆனால் 'சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம்' என்று நிறுத்த வேண்டிய இடத்தில் 'தலைநகரம் ஆகும்' என்றும், 'இது நல்ல புத்தகம்' என்பதற்கு 'இது ஒரு நல்ல புத்தகமாக இருக்கிறது' என்றும் எழுதப்படும்போது, அந்த 'ஆகும்', 'இருக்கிறது' இரண்டும் ஆங்கில 'இஸ்' உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.